நொதி எதை இறுகப் பிடிக்கிறது? உயிரின் வினையூக்கிகள் வேலை செய்யும் விதம்

ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான யுரிடின் வகை மூலக்கூறைச் செல் பல படிகளில் கட்டுகிறது. அதன் கடைசிப் படியில் ஒரோட்டிடின் மோனோபாஸ்பேட் என்ற மூலக்கூறிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு கழன்று போகவேண்டும். தண்ணீரில், அறை வெப்பத்தில், தானாக நடக்கட்டும் என்று விட்டால் இருப்பதில் பாதி மாறுவதற்கே ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகள் பிடிக்கும். செல்லுக்குள் இதே வேலையை ஒரு நொதி நொடிக்கு 39 முறை செய்கிறது. யாரும் 7.8 கோடி ஆண்டுகள் காத்திருந்து அளக்கவில்லை. ரட்சிக்கா, வுல்ஃபென்டன் இருவரும் மூடிய குழாய்களில் மிக அதிக வெப்பத்தில் இதையொத்த வினையை நடத்தினார்கள். வெப்பத்தோடு வேகம் மாறும் போக்கைக் கோடாக வரைந்து, அதை அறை வெப்பம் வரை நீட்டி 1995இல் இந்த எண்ணைத் தந்தார்கள். வித்தியாசம் ஒன்றுக்குப் பின் 17 சுழியம் வரும் அளவு. அந்த நொதியில் உலோகமும் இல்லை, வைட்டமினும் இல்லை. வெறும் அமினோ அமிலச் சங்கிலி.

இந்த எண்ணைப் பார்த்ததும் நொதி ஏதோ ஆற்றலைக் கொட்டி வினையைத் தள்ளுகிறது என்று நினைக்கத் தோன்றும். நொதியிடம் கொட்டுவதற்கு ஆற்றல் ஏதும் கிடையாது. ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாறும் வழியில், பழைய பிணைப்பு பாதி அறுந்து புதிய பிணைப்பு பாதி உருவான ஒரு நெருக்கடியான அமைப்பைக் கடக்கவேண்டும். அதுதான் மாறுநிலை. அது நீடிக்கும் காலம் ஒரு பிணைப்பு ஒருமுறை அதிரும் நேரத்துக்கு மேல் இராது. அந்த நிலைக்கு ஏறத் தேவையான ஆற்றல்தான் கிளர்வு ஆற்றல். நொதி இந்த ஏற்றத்தைக் குறைக்கிறது. கணக்கு எளிது: 25 டிகிரி செல்சியஸில் தடை மோலுக்கு 5.7 கிலோஜூல் குறைந்தால் வேகம் 10 மடங்கு ஏறும், இன்னொரு 5.7 குறைந்தால் 100 மடங்கு. சரியான இடத்தில் அமைந்த ஒரு ஹைட்ரஜன் பிணைப்பே இந்த அளவைத் தந்துவிடும். மேலே சொன்ன 17 சுழியத்துக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 98 கிலோஜூல். பெரிய தொகைதான், ஆனால் சிறுசிறு பிடிப்புகளைச் சேர்த்துக் கட்டக்கூடிய தொகை.

தடை குறைந்தால் முன்வினையும் பின்வினையும் ஒரே விகிதத்தில் வேகமெடுக்கும். ஆகவே சமநிலைப் புள்ளி அசையாது. நடக்க வாய்ப்பில்லாத வினையை எந்த நொதியாலும் நடத்திவைக்க முடியாது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இதற்குச் சரியான சாட்சி. திசுக்களில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கும்போது அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பைகார்பனேட் ஆக்குகிறது. நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் அதே நொதி அதே வினையைத் திருப்பி நடத்துகிறது. திசையை முடிவு செய்வது செறிவு. நொதி இல்லாவிட்டால் இந்த வினை பாதி முடிய உடல் வெப்பத்தில் 5 நொடியளவு ஆகும். ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் நுண்குழாயில் தங்குவதோ முக்கால் நொடிதான். நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறு என்ற இந்த நொதியின் வேகம் ஆடம்பரம் அல்ல என்பது அந்த முக்கால் நொடியைப் பார்த்தால் புரியும்.

சாவி பொருந்தினால் மட்டும் போதாது

1894இல் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு–சாவி உவமை இன்றைக்கும் எல்லாப் பாடநூலிலும் முதல் படமாக நிற்கிறது. நொதி பூட்டு, அது மாற்றப்போகும் மூலக்கூறான தளப்பொருள் சாவி, வடிவம் பொருந்தினால் வேலை நடக்கும். ஒரு நொதி ஏன் தனக்குரிய மூலக்கூறை மட்டும் தொடுகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். ஏன் வேகம் கூடுகிறது என்பதற்கு இது விளக்கமே அல்ல. இன்னும் சொன்னால், படத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் விடை தலைகீழாக வரும். தளப்பொருளுக்கு நொதி கச்சிதமாகப் பொருந்தி இறுகப் பிடித்துக்கொண்டால், அந்தத் தளப்பொருள் சுகமாக ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். அது இறங்கிய பள்ளத்தின் ஆழமும் ஏறவேண்டிய உயரத்தோடு சேர்ந்துகொள்ளும். வினை மெதுவாகும்.

நொதி இறுகப் பிடிப்பது மாறுநிலையை. தளப்பொருளை அது ஓரளவுக்குத்தான் பிடிக்கிறது. அந்த மூலக்கூறு முறுகி, மின்சுமை இடம் மாறி, மாறுநிலையை நெருங்க நெருங்கத்தான் எல்லாப் பிடிப்புகளும் ஒன்றுசேர்ந்து பொருந்துகின்றன. வினை முடிந்து விளைபொருள் ஆனதும் பிடி மறுபடி தளர்கிறது. அது கழன்று போகிறது. 1940களில் லைனஸ் பாலிங் இந்தக் கருத்தைத் தெளிவாக முன்வைத்தார். 1958இல் கோஷ்லண்ட் சொன்ன தூண்டப்பட்ட பொருத்தம், அதாவது தளப்பொருள் வந்து அமரும்போது நொதியும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்பது, இதோடு நன்றாகச் சேர்ந்துபோகிறது. ஹெக்சோகைனேஸ் குளுக்கோஸைப் பெற்றதும் அதன் இரு மடல்களும் மூடிக்கொள்வதை எக்ஸ்-கதிர்ப் படங்களில் நேராகவே பார்க்கலாம். அந்த மூடல் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, இல்லாவிட்டால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டைக் குளுக்கோஸுக்குப் பதில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடும்.

மாறுநிலைக் கருத்து வெறும் கொள்கை அல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று, மாறுநிலையைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் நிலையான ஒரு மூலக்கூறைச் செய்து கொடுத்தால் நொதி அதைத் தளப்பொருளைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு முடங்கிவிடுகிறது. இன்ஃபுளுவென்சா வைரஸின் நியூராமினிடேஸைத் தடுக்கும் ஓசெல்டாமிவிர் இந்த வழியில் வடிவமைக்கப்பட்டது. இரண்டு, அப்படிப்பட்ட போலி மூலக்கூறுக்கு எதிராக விலங்கின் உடலில் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் தாங்களே வினையூக்கிகளாக வேலை செய்தன. இது 1986இல் காட்டப்பட்டது. மாறுநிலையைப் பிடிக்கத் தெரிந்த எந்தப் புரதமும் ஓரளவுக்கு நொதிதான்.

கைமோட்ரிப்சினுக்குள்

ஒரு நொதியையாவது உள்ளே போய்ப் பார்த்தால்தான் இதெல்லாம் கைக்கு அகப்படும். சிறுகுடலில் புரதத்தை வெட்டும் கைமோட்ரிப்சின் அதற்கு வசதியானது. புரதத்தின் பெப்டைடு பிணைப்பு தண்ணீரில் தானாக அறுவதற்குச் சில நூறு ஆண்டுகள் ஆகும். நம் தசைகள் மழையில் கரைந்து போகாததற்குக் காரணமும் அதுவே.

கைமோட்ரிப்சினில் சுமார் 240 அமினோ அமிலங்கள். வெட்டும் வேலையில் நேரடியாக இறங்குபவை மூன்று: 195ஆம் இடத்துச் செரின், 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து அஸ்பார்டேட். சங்கிலியில் இவை தொலைவில் இருந்தாலும், சங்கிலி மடிந்தபின், வினை நடக்கும் குழியான கிளர்வு மையத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. பக்கத்திலேயே நீர்விரும்பாத ஆழமான பை ஒன்று. பினைல் அலனின், டைரோசின், ட்ரிப்டோபேன் போன்ற தட்டையான பெரிய பக்கச்சங்கிலி அதில் நுழைந்தால், அதை அடுத்த பெப்டைடு பிணைப்பு சரியாகச் செரினின் முன்னால் வந்து நிற்கும். உறவு நொதியான ட்ரிப்சினில் இதே பையின் அடியில் எதிர்மின்சுமையுள்ள ஓர் அஸ்பார்டேட் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது நேர்மின்சுமையுள்ள லைசின், அர்ஜினினைத் தேடி வெட்டும். வெட்டுமிடம் மாறுவதில் பையின் அடியிலுள்ள இந்த ஓர் அமினோ அமிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி வெட்டு. செரினின் ஆக்சிஜன் சாதாரணமாக மந்தமானது. ஹிஸ்டிடின் அதன் புரோட்டானை வாங்கிக்கொள்ளும்போது அந்த ஆக்சிஜன் கூர்மையாகி, பெப்டைடின் கார்பனைத் தாக்குகிறது. அஸ்பார்டேட் பின்னால் நின்று ஹிஸ்டிடினைத் தாங்குகிறது. தாக்கப்பட்ட கார்பன் தட்டையான வடிவத்தை விட்டு நான்முகி ஆகிறது. அதன் ஆக்சிஜனில் எதிர்மின்சுமை குவிகிறது. இதுதான் மாறுநிலையை ஒட்டிய இடைப்பொருள். நொதியின் முதுகெலும்புச் சங்கிலியிலுள்ள இரண்டு என்.எச். குழுக்கள் சரியாக அந்த ஆக்சிஜனைப் பார்த்து நிற்கின்றன. கார்பன் தட்டையாக இருக்கும்வரை அந்த ஆக்சிஜன் அவற்றின் எல்லைக்குள் நன்றாக வராது. நான்முகி ஆனதும் வந்து பொருந்தும். அடுத்து ஹிஸ்டிடின் தான் வாங்கிய புரோட்டானைப் பிணைப்பின் நைட்ரஜனுக்குத் தர, பிணைப்பு அறுந்து ஒரு பாதி வெளியேறுகிறது. மறுபாதி செரினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக ஒரு நீர் மூலக்கூறு வந்து, இதே நாடகத்தை மறுபடி ஆடி, அதையும் விடுவிக்கிறது. செரின் பழைய நிலைக்கு வந்து அடுத்த மூலக்கூறுக்குத் தயார்.

இதே மும்மையை உடைய சப்டிலிசின் என்ற பாக்டீரிய நொதியில் 1988இல் மூன்று அமினோ அமிலங்களையும் மாற்றிப் பார்த்தார்கள். வேகம் லட்சக்கணக்கான மடங்கு விழுந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் மூன்றும் போன பிறகும், மிச்சமிருந்த புரதம் தானாக நடக்கும் வினையைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக வேலை செய்தது. வெட்டும் கருவிகளை எல்லாம் கழற்றிய பிறகும் மாறுநிலையைத் தாங்கும் அந்தப் பிடிப்புகள் அங்கேயே இருந்தன. பூட்டு–சாவிப் படத்தில் இந்த ஆயிரம் மடங்குக்கு இடமே இல்லை.

எல்லா நொதிகளும் அமினோ அமிலங்களை மட்டும் வைத்துச் சமாளிப்பதில்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸில் மூன்று ஹிஸ்டிடின்கள் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. அந்த அயனியை ஒட்டிய நீர், நடுநிலையான பி.எச்.சிலேயே புரோட்டானை விட்டு ஹைட்ராக்சைடு ஆகிறது. வாளவரை விதையின் யூரியேஸில் நிக்கல் இருக்கிறது. 1926இல் ஜேம்ஸ் சம்னர் படிகமாக்கிக் காட்டியது இந்த யூரியேஸைத்தான். நொதி என்பது புரதம் என்று வாதிட முதல் வலுவான ஆதாரம் அது. நிக்கல் இருப்பது அதற்கு அரை நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. பி தொகுதி வைட்டமின்கள் பலவும், நொதிக்குத் துணைநிற்கும் சிறு மூலக்கூறுகளான துணைநொதிகளின் மூலப்பொருள்கள். ஆர்.என்.ஏ.வும் நொதியாக இயங்கும் என்று கண்டதற்கு டாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் பெப்டைடு பிணைப்பைக் கட்டும் இடமும் ஆர்.என்.ஏ.தான். ஆகவே எல்லா நொதியும் புரதம் என்ற பழைய வரையறையைத் தேர்வுத்தாளில்கூட இனி எழுதக்கூடாது.

வேகத்தை எப்படிப் படிப்பது

தளப்பொருளின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் முதலில் நேராக ஏறும், பிறகு தளர்ந்து ஓர் உச்சத்தில் நின்றுவிடும். அப்போது எல்லா நொதி மூலக்கூறுகளும் கைநிறைய வேலையோடு இருக்கின்றன. 1913இல் மைக்கேலிஸ், மென்டன் இருவரும் இந்த வளைவுக்குச் சமன்பாடு எழுதினார்கள். உச்ச வேகத்தின் பாதியைத் தரும் செறிவுதான் மைக்கேலிஸ் மாறிலி. மாணவர்கள் இதைப் பிடிப்பின் வலு என்று மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: செல்லுக்குள் உண்மையில் இருக்கும் செறிவு இந்த மாறிலிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

குளுக்கோஸை வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான திசுக்களில் குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் ஏற்றுவது ஹெக்சோகைனேஸ்; மாறிலி லிட்டருக்கு 0.1 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே. கல்லீரலிலும் கணையத்தின் பீட்டா செல்களிலும் அதே வேலையைக் குளுக்கோகைனேஸ் செய்கிறது. அதற்குப் பாதி வேகம் கிடைக்கும் செறிவு சுமார் 8 மில்லிமோல். வெறும் வயிற்றில் இரத்தக் குளுக்கோஸ் 5 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம். இந்தச் செறிவில் ஹெக்சோகைனேஸின் வேகம் உச்சத்தில் 98 சதவீதம். உணவுக்குப் பின் குளுக்கோஸ் 10 ஆனால் 99 சதவீதம். அதாவது சர்க்கரை இரட்டிப்பானதே அதற்குத் தெரியாது. குளுக்கோகைனேஸோ மூன்றில் ஒரு பங்கு வேகத்திலிருந்து பாதிக்கும் மேலே தாவும். பீட்டா செல் எவ்வளவு இன்சுலின் விடவேண்டும் என்று அளந்துகொள்வது இந்தத் தாவலை வைத்துத்தான். ஹெக்சோகைனேஸ் தன் விளைபொருளான குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சேர்ந்ததும் நின்றுவிடும். குளுக்கோகைனேஸ் நிற்காது, ஆகவே கல்லீரல் மிச்சத்தைத் தொடர்ந்து வாங்கிச் சேமிக்க முடிகிறது. குளுக்கோகைனேஸ் மரபணுவின் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை சிறிதே உயர்ந்த ஒரு மட்டத்தில் வாழ்நாள் முழுக்க நிலையாக நிற்பது இதனால்தான். அளவுகோலின் சுழியமே நகர்ந்துவிட்டது.

வேகம் மட்டுமே நல்ல நொதியின் அடையாளம் என்றும் சொல்லிவிட முடியாது. தாவரங்களில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ ஒரு கிளர்வு மையத்துக்கு நொடிக்கு மூன்று போலத்தான் செய்கிறது. அதிலும் அவ்வப்போது ஆக்சிஜனைத் தவறாகப் பிடிக்கிறது. தாவரம் இதை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. இலையின் புரதத்தில் பெரும்பங்கு இதுவே.

வெப்பம், பி.எச்., ஒரு சோதனை

வெப்பம் 10 டிகிரி ஏறினால் பெரும்பாலான நொதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஒரு கட்டத்துக்கு மேல் புரதத்தின் மடிப்பு குலைந்து வேகம் சரியும். இந்த இரண்டும் மோதும் இடத்தை உகந்த வெப்பம் என்கிறார்கள். ஆனால் அது நொதியின் நிலையான குணம் அல்ல. எவ்வளவு நேரம் அளந்தோம் என்பதைப் பொறுத்து அது நகரும். ஒரு நிமிடம் மட்டும் அளந்தால் 55 டிகிரியில் மிக நன்றாகத் தெரியும் நொதி, அரை மணி நேரம் அளந்தால் 40 டிகிரியில்தான் நன்றாக இருப்பதாகத் தெரியலாம், ஏனென்றால் 55இல் அது இடையிலேயே செத்துவிட்டது. நேரத்தைக் குறிப்பிடாத உகந்த வெப்பத்தை நம்பாதீர்கள். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேஸ் 95 டிகிரியிலும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது, டி.என்.ஏ.வைச் சூடாக்கி ஆறவிட்டுப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை அதனால்தான் எளிதாயிற்று.

பி.எச். வளைவு மணி வடிவத்தில் இருக்கும் என்பதோடு பெரும்பாலும் விளக்கம் நின்றுவிடுகிறது. அந்த மணியின் இரண்டு சரிவுகளுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை. கைமோட்ரிப்சின் பி.எச். 8க்கு அருகே நன்றாக வேலை செய்யும். 7க்குக் கீழே போகும்போது 57ஆம் ஹிஸ்டிடின் முன்கூட்டியே புரோட்டானை ஏற்றுக்கொள்வதால் செரினிடமிருந்து வாங்க இடமில்லை; வேதியியல் நிற்கிறது. 9ஐத் தாண்டினால் சங்கிலியின் ஒரு முனையிலுள்ள அமினோ குழு மின்சுமையை இழந்து, பையைத் திறந்து வைத்திருந்த பிடிப்பு அவிழ்கிறது, கட்டமைப்பு சரிகிறது. இரைப்பையின் பெப்சின் பி.எச். 2இல் வேலை செய்வதும் விந்தையல்ல. அதன் மையத்தில் இரண்டு அஸ்பார்டிக் அமிலங்களில் ஒன்று புரோட்டானோடும் மற்றது இல்லாமலும் இருக்கவேண்டும். அது அந்த அமிலத்தன்மையில்தான் வாய்க்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க உமிழ்நீர் அமைலேஸ் போதும். ஒரு கிராம் கரையும் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, 90 மில்லி கொதிநீரில் ஊற்றித் தெளியும்வரை கிளறி, ஆறியபின் 100 மில்லி ஆக்குங்கள். குழைக்காமல் நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும்; கட்டிக்குள் நொதி போகாது. குழாயில் 5 மில்லி ஸ்டார்ச், பி.எச். 6.8 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசல் 2 மில்லி, அரை சதவீதச் சோடியம் குளோரைடு 1 மில்லி. குளோரைடு அயனி இல்லாமல் இந்த அமைலேஸ் மந்தமாகிவிடும். உப்பைச் சேர்க்க மறந்த சோதனைகள் பல இதனால்தான் இழுத்துக்கொண்டே போகின்றன. குழாயையும் தனியே 10 மடங்கு நீர்த்த உமிழ்நீரையும் 37 டிகிரி நீரில் 5 நிமிடம் வைத்த பிறகே கலக்கவேண்டும். 1 மில்லி உமிழ்நீரைச் சேர்த்த நொடியிலிருந்து, 30 நொடிக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து, வெள்ளைத் தட்டில் காத்திருக்கும் அயோடின் துளியில் விடுங்கள். கருநீலம், ஊதா, செம்பழுப்பு என்று மாறி அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் துளியிலேயே நிறம் போய்விட்டால் உமிழ்நீர் செறிவு அதிகம். இன்னும் 5 அல்லது 10 மடங்கு நீர்க்கவும். கூடவே 10 நிமிடம் கொதித்த உமிழ்நீரோடு ஒரு குழாய் வேண்டும். அதில் நீலம் மறையக்கூடாது.

தவறு நுழையும் இடங்கள் இரண்டும் அயோடினில் ஒளிந்திருக்கின்றன. 70 அல்லது 80 டிகிரியில் சோதித்துவிட்டுச் சூடான கரைசலிலேயே அயோடினை விட்டால் நீலம் வராது. நொதி ஸ்டார்ச்சைத் தின்றுவிட்டது என்று தோன்றும்; உண்மையில் சூட்டில் ஸ்டார்ச்–அயோடின் கூட்டு கலைந்துவிட்டது. ஆறவிட்டால் நீலம் திரும்பும். அதேபோல் பி.எச். 10 குழாயில் நீலம் வராவிட்டால் அதுவும் நொதியின் சாதனை அல்ல. காரத்தில் அயோடின் தானே அயோடைடாகவும் பிற உப்புகளாகவும் மாறிவிடுகிறது. துளியை அயோடினில் விடும் முன் கொஞ்சம் நீர்த்த அமிலம் சேர்த்து நடுநிலைப்படுத்தினால் உண்மை வெளியே வரும். இந்த இரண்டையும் கவனிக்காத ஆய்வுக்கூடப் பதிவேடுகளில் அமைலேஸ் 80 டிகிரியிலும் கடுங்காரத்திலும் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருக்கும்.

தடுப்பதும் பூட்டி வைப்பதும்

மருந்துகளிலும் நஞ்சுகளிலும் பெரும்பகுதி நொதித் தடுப்பிகள். கேட்கவேண்டிய முதல் கேள்வி, தடுப்பி கழன்று வருமா வராதா என்பது.

கழன்று வருவதற்கு எடுத்துக்காட்டு மெத்தனால் நஞ்சின் சிகிச்சை. மெத்தனால் தன்னளவில் பெரிய கேடு செய்வதில்லை. கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, அடுத்த நொதி ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் மைட்டோகாண்டிரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸைத் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்து முதல் நொதியின் கிளர்வு மையத்தை மெத்தனாலைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் மாறாமல் இரத்தத்திலேயே சுற்றும். அதை டயாலிசிஸில் வெளியேற்றலாம். ஆனால் இந்த மருந்து ஏற்கெனவே உண்டான ஃபார்மிக் அமிலத்தை ஒன்றும் செய்யாது. தாமதம் பார்வையைப் பறிப்பது அதனால்தான்.

கழலாத தடுப்புக்கு ஆஸ்பிரின். இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தூண்டும் பொருளைச் செய்ய உதவும் நொதி சைக்ளோஆக்சிஜினேஸ். ஆஸ்பிரின் அதில் உள்ள ஒரு செரினுக்கு அசெட்டைல் குழுவை ஒட்டிவிடுகிறது. மற்ற செல்கள் புது நொதியைச் செய்துகொள்ளும். இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு இல்லை. ஆகவே அந்தத் தட்டு வாழும் 7 முதல் 10 நாள் வரை தடை நீடிக்கும். ஐபுபுரோஃபென் அதே வாயிலில் வந்து சிறிது நேரம் தங்கிப் போகும் வகை. அதை முதலில் உட்கொண்டால், ஆஸ்பிரின் செரினை எட்ட முடியாமல் திரும்பிவிடும். ஐபுபுரோஃபெனும் சில மணி நேரத்தில் கழன்றுவிட, தட்டுகள் தடையின்றி ஒட்டத் தொடங்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களிடம் மருத்துவர் நேர இடைவெளியைக் கேட்பது இதனால்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளும், நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியான அசெட்டைல்கோலினெஸ்டரேஸின் செரினைத்தான் பிடிக்கின்றன. பாஸ்பேட் குழு ஒட்டிய நொதியைப் பிராலிடாக்சிம் என்ற மருந்து மீட்டுத் தரும், ஆனால் காலக்கெடு உண்டு. ஒட்டிய குழு ஒரு பக்கக்கிளையை இழந்து முதிர்ந்துவிட்டால் பிறகு எதனாலும் கழற்ற முடியாது. சேர்மத்தைப் பொறுத்து இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

செல்லும் தன் நொதிகளைத் தானே தடுத்து வைக்கிறது. ஈ. கோலை பாக்டீரியா த்ரியோனினிலிருந்து ஐந்து படிகளில் ஐசோலியூசினைக் கட்டுகிறது. கடைசி விளைபொருளான ஐசோலியூசின் சேர்ந்ததும் அதுவே முதல் நொதியை, கிளர்வு மையத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. ஐந்து படிக்கும் ஒரே குழாய்வாய். கணையமோ இன்னும் எச்சரிக்கையானது. ட்ரிப்சினை ட்ரிப்சினோஜென் என்ற செயலற்ற வடிவிலேயே செய்து அனுப்புகிறது. சிறுகுடலின் சுவரிலுள்ள என்டரோபெப்டிடேஸ் அதன் முனைத் துண்டை வெட்டினால்தான் உயிர் வரும். உயிர்பெற்ற ட்ரிப்சின் மற்ற ட்ரிப்சினோஜெனையும் கைமோட்ரிப்சினோஜெனையும் வெட்டித் திறக்கும். இந்தச் சங்கிலி குடலுக்கு வருமுன் கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் அதுதான் கடும் கணைய அழற்சி: உறுப்பு தன்னையே செரிக்கிறது. அப்போது அமைலேஸும் லைபேஸும் இரத்தத்துக்குக் கசிகின்றன. ஆய்வகம் அளப்பது அந்தக் கசிவை.

அறிக்கையில் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று வரும் எண், நொதியின் எடை அல்ல, செயல். ஒரு யூனிட் என்பது குறிப்பிட்ட நிலைமையில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் தளப்பொருளை மாற்றும் அளவு. ஆகவே சோதனை வெப்பமும் முறையும் வேறான இரண்டு ஆய்வகங்களின் எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது. அந்தந்த அறிக்கையில் அச்சிட்ட இயல்பு எல்லையோடுதான் படிக்கவேண்டும். மாதிரி எடுத்த விதமும் எண்ணைக் கெடுக்கும். ஊசியில் இரத்தம் சிதைந்தால் சிவப்பணுக்களில் ஏராளமாக உள்ள எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. என்ற நொதிகள் இரண்டும் பொய்யாக உயரும். இரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில் எடுத்தால் அந்தப் பொருள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பறித்துக்கொள்ள, அமைலேஸும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் பொய்யாகக் குறையும்.

நொதியை விழுங்கினால் பயன் உண்டா என்பதற்கும் விடை இதுவரை சொன்னதிலேயே இருக்கிறது. விழுங்கிய நொதி புரதம். இரைப்பை அமிலம் அதன் மடிப்பைக் குலைக்கும், பெப்சின் வெட்டும், மிஞ்சியதும் முழு மூலக்கூறாக இரத்தத்தில் ஏறுவது அரிது. அது வேலை செய்யும் இடம் குடலின் உட்புறம் மட்டுமே. கணையம் போதிய நொதி சுரக்காதவர்களுக்குக் கொடுக்கும் லைபேஸ் மாத்திரைகளில் பி.எச். 5.5 அளவுக்கு மேல்தான் கரையும் மேற்பூச்சு இருக்கும், ஏனென்றால் பி.எச். 4க்குக் கீழே அந்த லைபேஸ் மீளாமல் கெட்டுவிடும். அதை மென்றோ பொடித்தோ சாப்பிட்டால் பூச்சு போய்விடும், வாயும் புண்ணாகும். உணவுக்கு வெகுநேரம் முன்னாலோ பின்னாலோ சாப்பிட்டால் கொழுப்பும் நொதியும் குடலில் சந்திப்பதில்லை. முதல் கவளத்தோடு ஒரு பகுதியும் உணவின் நடுவே மீதியும் என்று பிரித்து எடுக்கச் சொல்வது அந்தச் சந்திப்புக்காகத்தான்.